நான் எடுக்கச் சொன்ன தலைத்துண்டு

1. சாவிக்கொத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு காக்கிச் சட்டையும் ஒரு சாவிக்கொத்தும் தந்தார்கள். வேறெதுவும் சொல்லித்தரவில்லை.

இப்போது வார்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டு, புத்தகம் உண்டு. அவர்களில் சிலர்தான் பழைய காரியங்களை எழுதித்தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் பின்பக்கம் ஓடு போட்ட ஒரு கட்டடம். பதினாறு கட்டில், கம்பிக்கதவு போட்ட இரண்டு செல். ஊர்க்காரர்கள் அதைப் பைத்தியக் கொட்டடி என்றார்கள். நாங்கள் பின்வார்டு என்போம். சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. டாக்டர்கள் மலையாளத்தில் பேசி இங்கிலீஷில் எழுதுவார்கள். நோயாளிகள் பெரும்பாலும் தமிழ்.

எனக்கு ஊர் மேற்கே, விளவங்கோடு தாலுகா. கிறிஸ்தவச் சபைக் குடும்பம். பாறசாலையில் ஒரு சாயக்கடையில் ஆறு வருஷம் நின்றதால் மலையாளம் தண்ணீர் மாதிரி வரும். அதற்காகத்தான் எனக்கு அந்த அட்டெண்டர் வேலை கிடைத்தது.

ஹெட் அட்டெண்டர் செல்லப்பன் அண்ணன் நாகர்கோவில்காரர். சாவியால் காது குடைந்துகொண்டே சொன்னார்.

"ஏலே தாசையா, இங்க மூணு காரியம் உண்டு. கயிறு, துணி, கண்ணாடி ஒண்ணும் அவனுவ கையில கிட்டப்படாது. முதுகைக் காட்டிட்டு நிக்கப்படாது. டாக்டர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். கேக்காததுக்கு வாயத் தொறந்தியா, ஒனக்கும் இங்க ஒரு கட்டில் போட்டுருவாவ."

மாத்தன் டாக்டர் கோட்டயம் பக்கம். வயது முப்பத்தைந்து இருக்கும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு நோயாளி அழுதுகொண்டே என்னவோ சொன்னான். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்து, "எந்தா தாசா, இயாள் பறயுன்னது?" என்றார். இவன் என்ன சொல்கிறான் என்று.

நான் சொன்னேன். அன்று முதல் அவர் பக்கத்தில் நிற்பது என் வேலை ஆயிற்று. அவர் பேசியதையெல்லாம் இனிமேல் தமிழிலேயே எழுதுகிறேன்.

2. முட்டத்து ஆள்

முட்டத்திலிருந்து அந்தோணி என்று ஒரு வலைக்காரரைக் கொண்டுவந்திருந்தார்கள். வந்தபோது உண்மையில் சரியில்லாமல்தான் இருந்தார். பத்து நாளில் தெளிந்துவிட்டார். ஆனால் சத்தம் மட்டும் குறையவில்லை. வாயைத் திறந்தால் வார்டு அதிரும். டாக்டர் வெறி தணியவில்லை என்று நினைத்து, காலையும் மாலையும் தூங்கவைக்கிற பேரால்டிகைடு ஊசி எழுதியிருந்தார். அந்த மருந்துக்கு ஒரு நாற்றம் உண்டு. ஊசி போட்டால் நோயாளியின் மூச்சிலும் வரும். இன்றைக்கும் எனக்கு நினைத்தால் வரும்.

நான் கவனித்துக் கேட்டேன். அந்தோணி சத்தம் போட்டுச் சொன்னதெல்லாம் வள்ளத்துக்குத் தார் அடித்தார்களா, மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான்.

"சாரே, கடல்புறத்தில் அலைச் சத்தத்துக்கு மேலே பேசணும். வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான் பேசுவார்கள். இது வெறி இல்லை" என்றேன்.

டாக்டர் அவருடைய பெண்டாட்டியை வரச்சொன்னார். அந்த அம்மா வாசலில் நின்று ஓடு அதிர ஒரு பதில் சொன்னாள்.

"என்ன சாரே செஞ்சு வச்சிருக்கிய? மனுசன் இம்புட்டு மெதுவா பேசுதாரு! ஒடம்புல சத்தே இல்லியே!"

நான் அதை மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. ஊசியை நிறுத்தினார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் அந்தோணி வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு டாக்டர் எதற்கும் என்னைக் கேட்பார். நோயாளி ஒன்று செய்தால், "இது இங்கே வழக்கமா தாசா?" என்பார். நான் சொல்வேன். அவர் எழுதுவார். செல்லப்பன் அண்ணன் பதினெட்டு வருஷ சர்வீஸ். அவரை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துப்போனது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

3. மருந்து அலமாரி

நாராயணவடிவு பனையேறி. நாற்பது வயது. சுசீந்திரத்துக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்ட ஒரு ஊர். அவர் தம்பி பனையிலிருந்து விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு இவர் பனை ஏறவில்லை, பேசவில்லை, தின்னவில்லை. அந்தப் பனையின் அடிமூட்டில் போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கிணற்றில் இறங்கிவிட்டார். தூக்கி எடுத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். பெண்டாட்டி பெயர் தங்கம்மை. பிள்ளைகள் மூன்று.

எங்கள் வார்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆறு வாரம் பார்ப்போம். தெளியாவிட்டால் வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தங்கம்மை மாதிரி ஒருத்தி போய்ப் பார்த்துவர ஒரு பகலும் பஸ் கூலியும் வேண்டும். பிறகு பிறகு போவது நின்றுபோகும். அங்கே அவரோடு தமிழில் பேசவும் ஆள் கிடையாது.

முதல் இரண்டு வாரம் அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார். கஞ்சியை நான் கரண்டியால் வாயில் விடுவேன். பாதி உள்ளே போகும். பாதி என் சட்டையில்.

மூன்றாவது வாரம் ஒருநாள் விடியும்போது அவராகவே எழுந்தார். வராந்தாவில் மருந்து அலமாரி உண்டு, கண்ணாடிக் கதவு போட்டது. கிழக்கு ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும்போது அதில் முகம் தெரியும். தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். கையைக் கூப்பிக்கொண்டு தன் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும்.

அந்த நாட்களில் கஞ்சியைத் தன் கையால் எடுத்துக் குடித்தார். அதையும் நான் கண்டேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் டாக்டர் சீக்கிரம் வந்தவர் அதைக் கண்டார். கொஞ்சநேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தன் உருவத்தோடு பேசுகிறார். தலையில் துணி. இது இங்கே வழக்கமா தாசா?"

தலைப்பாகை கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, அய்யாவழிக்காரர்கள் ரோட்டில் போவதை நான் கண்டதுண்டு. தாங்கல் என்கிற அவர்கள் கோயிலுக்குள் எதை வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எட்டிப் பார்த்ததும் இல்லை. இவர் நெற்றியில் நாமமும் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இல்லை சாரே. அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். செல்லப்பன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். சாவியால் காதைக் குடைந்தார்.

நான் நாராயணவடிவு பக்கத்தில் போனேன். "வேய், தலையில இருக்க துண்டை எடும். இங்கன நிக்கப்படாது. போய்க் கட்டில்ல இரியும்."

அவர் என்னைப் பார்த்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். துண்டை அவிழ்த்தார். அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், குனிந்து நின்றார். நான் அப்படி நிற்கச் சொல்லவில்லை. ஏன் அப்படி நின்றார் என்றும் யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் அலமாரிக் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். துண்டையும் வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் தின்னவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பிறகு மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினோம். அதற்கு மூன்று பேர் பிடிக்கவேண்டும். நானும் பிடித்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வண்டி என்று டாக்டர் கடிதம் எழுதிவைத்துவிட்டார்.

4. தங்கம்மை கேட்டது

தங்கம்மை ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். வார்டுக்குள் விடமாட்டோம், வாசலில் நின்று எங்களிடம் கேட்டுவிட்டுப் போவாள். பனையோலையில் பொதிந்து கருப்பட்டி கொண்டுவருவாள். அந்த ஞாயிறும் வந்தாள். வண்டி விஷயத்தை அவளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"செவ்வாக்கிழம வடக்க கொண்டு போறாவ, கேட்டியா. இங்க வச்சுப் பாத்தும் கொணம் இல்ல."

"ஏன் சாரே? நடுவுல நல்லாத்தான இருந்தாவ? கஞ்சி குடிக்காவன்னு சொன்னியளே?"

"அது நாலு நாள்தான். பொறவு கூடிப்போச்சு. தலையில துண்டக் கெட்டிட்டு, கண்ணாடிக்க முன்னால நிண்ணு, தானாப் பேச ஆரம்பிச்சிட்டாரு."

அவள் முகம் மாறியது. நான் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் நின்றது.

"கண்ணாடிக்க முன்னால நிண்ணாவளா? அவியளா? தானாவா?"

"ஆமா."

"அய்யா உண்டு" என்று நெஞ்சில் கையை வைத்தாள். "சாரே, அது கும்பிடுத கண்ணாடியில்லா. எங்க தாங்கல்ல சாமி செல கெடையாது. கண்ணாடிதான். அதுல நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் கும்பிடணும். ஆம்பிளைய தலையில துண்டு கெட்டாம அங்கன நிக்கப்படாது. கொழுந்தன் செத்த அண்ணையிலேருந்து இவிய அங்க போவல்ல. நான் காலப் பிடிச்சு அழுதேன். 'எனக்க மூஞ்சிய நான் எப்பிடிட்டி பாப்பேன்'னு கேட்டாவ. இப்பம் பாத்தாவளா? பாத்தாவன்னா கொணமாவுதுன்னுல்லா அர்த்தம்?"

நான் மருந்து அலமாரிப் பக்கம் பார்த்தேன்.

"இப்பமும் நிக்காவளா சாரே?"

"இல்ல."

"ஏன்?"

"நான் துண்ட எடுக்கச் சொன்னேன். கண்ணாடிய மறைச்சிட்டேன்."

அவள் கருப்பட்டிப் பொதியின் நாரை அவிழ்த்தாள். திரும்பக் கட்டினாள்.

"எடுத்து என்ன செஞ்சாவ?"

"இடுப்புல கெட்டிட்டு, குனிஞ்சு நிண்ணாரு."

"ஆமா. அப்பிடித்தான் நிப்பாவ" என்றாள். "இவியளுக்க பாட்டன் காலத்துல எங்க சாதி ஆளு தலையில துண்டு கெட்டினா அடி விழும். சர்க்கார் ஆளு எதுக்க வந்தா இடுப்புல கெட்டிட்டுக் குனிஞ்சு நிக்கணும். அதுனாலதான் எங்க சாமி அய்யா வந்து தலையில கெட்டச் சொன்னாரு. சின்னப் புள்ளையிலேருந்து இதக் கேட்டுல்லா வளந்தாவ. இப்பம் காக்கிச்சட்ட போட்டுட்டு நீங்க போய் எடுன்னு சொல்லியிருக்கிய."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு தடவை பார்க்காமல் சொன்னது போதும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. செல்லப்பன் அண்ணனிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"எங்கலே?"

"பனையேறிக்க ஊருக்கு. தாங்கல்ல கண்ணாடி உண்டுன்னு சொல்லுகா. பாத்துட்டு வாறேன்."

"ஓ, இப்பந்தான் தெரிஞ்சுதா?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நாரோயில்ல பொறந்தவனுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் அண்ணைக்கு வாயத் தொறக்கல்ல?"

"எங்கிட்ட யாருலே கேட்டா? டாக்டருக்க நாக்கு நீயில்லா?"

சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. லீவு தந்தார்.

தங்கம்மையோடு பஸ்ஸில் போய், மணலில் இரண்டு மைல் நடந்தேன். ஓலைக்கூரை போட்ட சின்னத் தாங்கல். வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடி. இரண்டு பக்கமும் விளக்கு. நாலைந்து ஆண்கள் தலையில் துண்டு கட்டி, கைகூப்பி, தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாராயணவடிவு எங்கள் அலமாரி முன்னால் எப்படி நின்றாரோ அப்படியே. உள்ளே வாங்க என்று ஒருவர் கூப்பிட்டார். நான் போகவில்லை. என் வளர்ப்பு அப்படி. வெளியே நின்று பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

5. கண்ணாடி பிடித்த வேலை

திங்கட்கிழமை காலை டாக்டர் நாற்காலியில் உட்காருமுன்பே சொன்னேன். கண்டதைச் சொன்னேன். தங்கம்மை சொன்னதைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அவர் கேஸ்ஷீட்டைப் புரட்டினார். இங்கிலீஷில் ஒரு வரியை விரலால் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது.

"இது உன் பேச்சு தாசா. என் கையெழுத்து" என்றார். கொஞ்சம் கழித்து, "தெரியாது என்று நீ சொல்லியிருந்தால் போதும். நான் வேறு யாரையாவது கேட்டிருப்பேன்" என்றார்.

நான் நின்றேன்.

"நானும் கேட்டிருக்கவேண்டும். ஒரு ஆளை மட்டும் கேட்டது என் தப்பு." அவர் வடக்கே அனுப்பும் கடிதத்தை எடுத்து மேஜைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. "இரண்டு வாரம் தருகிறேன். குழாய் இல்லாமல் தின்னவேண்டும். தின்னாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும். வார்டில் வைத்து நான் அவரைச் சாகவிட முடியாது."

அவர் அலமாரிக் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னார். செல்லப்பன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றில் இறங்கிய ஆள், கண்ணாடியை உடைத்துக் கழுத்தில் வைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதை நான் டாக்டரிடம் அப்படியே மலையாளத்தில் சொன்னேன்.

"நான் ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் சாரே. முடிந்ததும் நானே எடுத்துப்போவேன்" என்றேன். டாக்டர் சம்மதித்தார், அலமாரிக் காகிதம் அப்படியே இருந்தது.

மறுநாள் விடியுமுன்பே செல்லப்பன் அண்ணன் ஒரு கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டுவந்தார். மரச்சட்டம் போட்டது, ஒரு முழ உயரம்.

"வீட்டுல சும்மா கெடந்துது. ஒடச்சிராதலே. எனக்க பெண்டாட்டிக்கச் சீதனம். அவளுக்குத் தெரியாது."

விடியும்போது நாராயணவடிவின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். ஸ்டோரிலிருந்து அவர் துண்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

"நான் அண்ணைக்கு எடுக்கச் சொன்னது தப்பு. எனக்குத் தெரியல்ல. கெட்டிக்கிடும்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

அரைமணி நேரம் நின்றேன். கை மரத்தது. போய்விட்டேன். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. பகலில் குழாய் விட்டோம்.

"பூசாரிக்கு இன்னைக்கும் வேல நடக்கல்லியா?" என்று செல்லப்பன் அண்ணன் கேலி செய்வார். ஆனால் நான் நிற்கும்போது என் மற்ற வேலையை அவர்தான் செய்தார். இரண்டு செல்லையும் கழுவி விட்டிருப்பார்.

ஆறாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. ஆண்பிள்ளை தலையில் துண்டு கட்டாமல் அங்கே நிற்கக்கூடாது என்று தங்கம்மை சொல்லியிருந்தாள். நான் நாள்தோறும் வெறுந்தலையோடு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். காக்கிச் சட்டையும் போட்டிருந்தேன்.

மறுநாள் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் துண்டை எடுத்துத் தலையில் சுற்றினேன். எங்கள் பாஸ்டர் கண்டால் என்ன சொல்வார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. தலைப்பாகை கட்டி எனக்குப் பழக்கம் கிடையாது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடியைப் பிடித்ததும் நழுவிக் காதில் இறங்கியது. கையில் கண்ணாடி இருந்ததால் சரிசெய்ய முடியவில்லை.

கட்டிலில் அசைவு கேட்டது.

நாராயணவடிவு திரும்பியிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்தார். அவருக்கு நிற்க வலு இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். உதறினார். மடித்தார். திரும்ப என் தலையில் வைத்து இறுக்கிச் சுற்றினார். பனையேறியின் விரல், மரப்பட்டை மாதிரி இருக்கும். அது என் நெற்றியில் பட்டது.

"இறுக்கிக் கெட்டணும். அயத்துக் கெட்டினா நிக்காது" என்றார்.

எங்கள் வார்டில் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

பிறகு தன் துண்டை எடுத்துத் தானே கட்டிக்கொண்டார். நான் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். அவர் உடனே பார்க்கவில்லை. கீழே பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு மெல்லக் கண்ணாடிக்கு வந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதால் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை, கை இரண்டும் கண்ணாடியில் இருந்தது.

அன்று கஞ்சியை அவரே குடித்தார். பயறு கேட்டார். செல்லப்பன் அண்ணன் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அந்தத் தடித்த உடம்பு ஓடி நான் கண்டதே இல்லை.

6. தெரியாது சாரே

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவர் நோயாளிதான். கண்ணாடி மருந்து இல்லை. கும்பிடுவது அவருக்குள் நோய் தொடாத ஒரு இடம், அதை நாம் நோய் என்று நினைத்துவிட்டோம் என்றார் டாக்டர். அந்த வழியாக உள்ளே போகலாம் என்றும் சொன்னார். கடிதம் மேஜைக்குள்ளேயே இருந்தது.

தினமும் மத்தியானம் டாக்டர் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்காருவார். நான் நடுவில் தரையில் இருப்பேன். ஒருநாள் நாராயணவடிவு சொன்னார்.

"அண்ணைக்கு எனக்குக் காய்ச்சல். பாயில கெடந்தேன். அக்கானி எறக்காம விட்டா புளிச்சுப் போவும்னு தம்பி ஏறினான். அது அவனுக்கப் பன இல்ல. நான் ஏறவேண்டிய பன."

முன்பு என்றால் நான் இதைச் சுருக்கித் தம்பியை நினைத்து வருந்துகிறார் என்று சொல்லியிருப்பேன். அன்று அப்படிச் செய்யவில்லை. காய்ச்சல், பாய், பனையிலிருந்து இறக்கும் பதநீர் புளிப்பது, எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையில் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இன்னொரு நாள், "உள்ள ஒரே வெப்ராளமா இருக்கு" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். வெப்ராளம் என்றால் துக்கம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

"எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது சாரே. அவரையே கேட்கிறேன்" என்றேன்.

கேட்டேன். நாராயணவடிவு நெஞ்சில் கையை வைத்து யோசித்தார். "உள்ள ஒண்ணு இருக்க எடத்துல இருக்கமாட்டேங்கு. எந்திக்கச் சொல்லுது. எந்திச்சா போவ எடம் இல்ல."

அதை மொழிபெயர்த்தேன். டாக்டர் அதற்கு இங்கிலீஷ் வார்த்தை தேடவில்லை. வெப்ராளம் என்று மலையாள எழுத்திலேயே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு காலையில் வந்ததும், "வெப்ராளம் எப்படி?" என்றுதான் கேட்பார். "கொறவு உண்டு" என்பார் இவர். சில நாள் "கூடுதல்" என்பார்.

இரண்டு வாரம் முடிந்த அன்று டாக்டர் மேஜையிலிருந்து கடிதத்தை எடுத்தார். என் முன்னால் கிழித்தார். இன்னும் ஒரு மாதம் எங்கள் வார்டிலேயே வைத்திருந்தோம்.

வீட்டுக்குப் போகிற அன்று தங்கம்மை மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் கேட்டார், நான் சொன்னேன்.

"இனிப் பன ஏறுவியளான்னு டாக்டர் கேக்காரு."

"ஏறமாட்டேன்னு சொன்னாப் பொய்யாவும். வேற வேல தெரியாது. கொஞ்ச நாள் கீழ நிண்ணு கலயத்த வாங்கி வைக்கேன். பொறவு பாப்போம்."

டாக்டர் தலையாட்டினார். தங்கம்மை என்னிடம் வந்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று அப்போதும் எனக்கு ஒரு பயம்.

"நீங்க செஞ்சது பணிவிட சாரே. எங்க தாங்கல்ல செய்யுதவியளுக்கு அதான் பேரு" என்றாள்.

நான் முதலில் செய்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

நாராயணவடிவு தலையில் துண்டோடு முன்வாசல் வழியாக இறங்கிப் போனார். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு எதிரே வந்தார். நாராயணவடிவின் கை தலைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. கையைத் தாழ்த்திக்கொண்டார். துண்டை எடுக்காமலே நடந்து போனார். நானும் செல்லப்பன் அண்ணனும் வராந்தாவில் நின்று பார்த்தோம்.

பிறகு வருஷத்தில் ஒரு தடவை, தம்பி செத்த மாசம், அவராகவே வருவார். நாலைந்து நாள் கிடப்பார், போவார். கட்டிலில் கட்டி வைக்கவேண்டி வரவில்லை. குழாயும் விடவில்லை.

ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மாத்தன் டாக்டர் வடக்கே போய்விட்டார். வந்தவர்கள் தமிழ் டாக்டர்கள். இனி நடுவில் ஆள் வேண்டாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நானும் நாராயணவடிவும் ஒரே பாஷைதான் பேசினோம்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. நோயாளி செய்வது விளங்காவிட்டால், டாக்டரிடம் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு வீட்டு ஆளைக் கேளுங்கள். அடுத்த கட்டிலைக் கேளுங்கள், பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவர் மூக்கில் குழாய் இருந்தது.